பென்சிலில் போட்ட டிக்

மார்ச் 4, திங்கள்

டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் வேலையில் பதினேழு வருடமாக ரிஜிஸ்டர் எழுதுகிறவன் நான். வீட்டு விஷயத்தை எழுதுவது இதுவே முதல் தடவை.

என் மகள் நிறைமதிக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. போன மாதம் கணக்குப் பரீட்சையில் மூன்று பக்கம் எழுதிவிட்டு மீதியை வெறுமையாக விட்டிருந்தாள். பிரேமலதா டீச்சர் அவளைக் கூப்பிட்டு வாயால் கேட்டபோது எல்லாக் கணக்குக்கும் சரியாக விடை சொல்லியிருக்கிறாள். பிறகு ஏன் எழுதவில்லை என்றதற்கு, ஜன்னலுக்கு வெளியே ஒருவர் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தார், அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாளாம். டீச்சர் திட்டவில்லை. பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு குழந்தைகள் மனநல மருத்துவரின் பெயரை எழுதிக் கொடுத்தனுப்பினார்.

சனிக்கிழமை போனோம். டாக்டர் ஜெசிந்தா ஒன்றரை மணி நேரம் பேசினார். ஏ.டி.எச்.டி.யாக இருக்கலாம் என்றார். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, அலைபாயாமல் உட்காருவது, தொடங்கியதை முடிப்பது போன்றவற்றை மூளை நடத்தும் விதத்தில் இருக்கும் வேறுபாடாம். வளர்ப்பில் வந்த குறை இல்லையாம். வீட்டிலும் பள்ளியிலும் இரண்டு இடத்திலும் தெரிகிறதா, சின்ன வயதிலிருந்தே இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவாகச் சொல்வாராம். எனக்கும் என் மனைவி கோமதிக்கும் ஆளுக்கொரு கேள்வித்தாள் கொடுத்தார், டீச்சருக்கும் ஒன்று. அதோடு ஆறு வாரத்துக்கு நாங்கள் இருவரும் தனித்தனி நோட்டில் குறிப்பு எழுத வேண்டும். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது.

வீட்டில் பிள்ளையை அடிப்பதுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். கோமதி என்னைப் பார்த்தாள். எப்போதாவது என்றேன்.

மார்ச் 6, புதன்

காலை 6.40: எழுப்பினேன். 6.55: எழுந்தாள். 7.10: பல் துலக்கப் போனாள். 7.30: போய்ப் பார்த்தேன். பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு குழாயடியில் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 7.50: ஒரு காலில் மட்டும் சாக்ஸ். மற்றொன்றைத் தேடிப் போனவள் பழைய பம்பரம் ஒன்றோடு திரும்பி வந்தாள். 8.15: வேன் வந்துவிட்டது. தண்ணீர் பாட்டில் மேஜைமேலேயே இருக்கிறது. இந்த வருடம் ஆறு தொலைந்து, இது ஏழாவது பாட்டில்.

மாலை: வீட்டுப்பாடம் பன்னிரண்டு வரி. எடுத்துக்கொண்ட நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம். இடையில் எழுந்தது பதினொரு தடவை. ஒரு தடவை என்னிடம் வந்து, எஞ்சின் பின்பக்கமாகப் போகும்போது டிரைவர் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார் என்று கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் அது வீட்டுப்பாடத்தில் இல்லை.

குறிப்பு எழுதுவது எனக்குப் பழகிய வேலை. கோமதியின் நோட்டு இன்னும் கடைப் பைக்குள்ளேயே இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

கோமதி நோட்டைத் தொலைத்துவிட்டாள். வேறு வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 15, வெள்ளி

பள்ளி வேன் மெயின் ரோட்டில்தான் நிற்கும். அங்கிருந்து ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வர தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். அதனால் தினமும் கோமதி போய் நிறையை அழைத்து வருவாள். இன்று பரீட்சை என்பதால் வேன் மதியம் ஒன்றரைக்கே வந்துவிடும். காலையில் நான் அதைச் சொன்னேன். டீச்சரும் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்.

எனக்குப் பகல் டூட்டி. 2.05க்குக் கடந்து போகும் எக்ஸ்பிரஸுக்கு சிக்னல் கொடுத்துவிட்டு பிளாட்பாரத்தில் வந்து நின்றேன். தெற்கே தண்டவாளத்தின் நடுவில் ஒரு நீலப் பை தெரிந்தது. என் மகள். ஜல்லிக்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டு நிதானமாக வந்துகொண்டிருந்தாள்.

உள்ளே ஓடி சிக்னலைச் சிவப்பாக்கினேன். என்னோடு டூட்டியில் இருந்த பாயின்ட்ஸ்மேன் சாமிக்கண்ணு ஓடிப் போய் அவளைத் தூக்கினார். எக்ஸ்பிரஸ் ஊருக்கு வெளியே ஆறு நிமிடம் நின்றது. தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் ‘தண்டவாளத்தில் சிறுமி’ என்று எழுதினேன். யார் வீட்டுச் சிறுமி என்று எழுதவில்லை.

மாற்று ஆள் வந்ததும் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கோமதி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணப் பெண் ஒருத்தியின் ரவிக்கை, கையில் சின்னச் சின்னக் கண்ணாடி வேலை. அவள் சாப்பிடக்கூட இல்லை போலிருக்கிறது, காலை இட்லி அப்படியே மூடியிருந்தது. நிமிர்ந்து பார்த்து, அதற்குள் வேன் வந்துவிட்டதா என்று கேட்டாள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

நிறையின் இடது கன்னம் சிவந்திருந்தது. வெயில் என்று கோமதியிடம் சொன்னேன்.

மார்ச் 16, சனி

வீட்டில் பேச்சு இல்லை. டூட்டி சுமுகம்.

மார்ச் 17, ஞாயிறு

மேற்படி.

மார்ச் 19, செவ்வாய்

தென்காசியிலிருந்து உலகு அக்கா போன் செய்தாள். என் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான், அம்மா போன பிறகு எனக்கு எல்லாம் அவள்தான். தண்டவாள விஷயம் அவள் காதுக்கும் போய்விட்டது. பிள்ளைக்கு ஒரு கோளாறும் இல்லை, தாய்க்காரிதான் சரியில்லை என்றாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது தெரியாமல் கேஸைத் திறந்து போட்டது, என் சட்டையை அயர்ன் கடையில் மூன்று வாரம் விட்டது, அக்காவின் மாமனாருடைய பதினாறாம் நாள் காரியத்தை மறந்தது என்று வரிசையாகச் சொன்னாள். கடைசி ஒன்றைத் தவிர அத்தனையும் நான் அவளிடம் சொன்னவைதான்.

மலைப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறதாம். ஒழுங்கு அதிகமாம். ஆறாம் வகுப்பிலிருந்து சேர்க்கலாமாம். விண்ணப்பத்தை அக்காவே வாங்கி அனுப்புகிறேன் என்றாள். தற்காலிக ஏற்பாடுதான். கோமதியிடம் நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

இன்று மீன் குழம்பு நன்றாக இருந்தது. சொன்னேன். நான்கு நாளுக்குப் பிறகு நான் பேசியதில் கோமதிக்குச் சந்தோஷம்.

மார்ச் 28, வியாழன்

விண்ணப்பத்தை ஸ்டேஷன் முகவரி போட்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 13, சனி

அடுத்த வாரம் டாக்டரிடம் போக வேண்டும். கேள்வித்தாள்களை ஒரே உறையில் போட்டு வைக்கலாம் என்று கோமதியுடையதைத் தேடினேன். தையல் மிஷின் இழுப்பறையில் இருந்தது. பார்க்கக் கூடாது என்று தெரியும். முழுதாக எழுதியிருக்கிறாளா என்று மட்டும் பார்க்கத்தான் பிரித்தேன்.

ஒவ்வொரு கேள்விக்கும் நேராகப் பேனாவில் ஒரு டிக் போட்டிருந்தாள். ‘எதிரில் நின்று பேசினாலும் காதில் விழாதது போல் இருக்கிறாள்.’ ‘பொருட்களைத் தொலைக்கிறாள்.’ ‘தொடங்கிய வேலையை முடிப்பதில்லை.’ ‘தினசரி செய்ய வேண்டியதை மறக்கிறாள்.’ ஏறக்குறைய நான் போட்டிருந்த இடங்களிலேதான். ஆனால் ஒவ்வொரு பேனா டிக்குக்குப் பக்கத்திலும் பென்சிலில் இன்னொரு டிக் இருந்தது. முதலில் தப்பாகப் போட்டுத் திருத்தினாளோ என்று நினைத்தேன். தாளின் மேலே பார்த்தபோது புரிந்தது. பேனாவில் ‘நிறைமதி’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே பென்சிலில், சின்ன எழுத்தில், ‘நான்’.

கடைசிப் பக்கத்தில், வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் எழுதவும் என்ற இடத்தில், பென்சிலில் ஒரு வரி. ‘இதையெல்லாம் ஒரு வியாதின்னு யாராவது எங்க அப்பாகிட்ட சொல்லியிருந்தா என்னைப் படிப்ப விட்டு நிறுத்தியிருக்க மாட்டாங்க.’

இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கோமதி பி.எஸ்சி. இரண்டாம் வருடத்தோடு நின்றவள். படிப்பு ஏறவில்லை என்றுதான் பெண் பார்க்கப் போனபோது சொன்னார்கள். நானும் அதைத்தான் பதின்மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 20, சனி

மூன்று கேள்வித்தாளும் ஒத்துப்போகின்றன. நிறைக்கு ஏ.டி.எச்.டி.தான், கவனக்குறைவு அதிகமாகத் தெரியும் வகை. பெண் பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் கண்ணில் படாமலே போகும் என்றார் டாக்டர் ஜெசிந்தா. ஓடி ஆடி வகுப்பைக் கலைக்கிற பிள்ளையைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். கனவு கண்டுகொண்டு உட்கார்ந்திருப்பதை யாரும் கேட்பதில்லை.

குணமாகிவிடுமா என்று கேட்டேன். கண்ணாடி போட்டால் பார்வைக் குறை குணமாகுமா, ஆனால் படிக்க முடியும் அல்லவா என்றார். வீட்டில் செய்ய வேண்டியவை, பள்ளியில் கேட்க வேண்டியவை என்று பேசினோம். முன் பெஞ்சு, பரீட்சைக்குக் கூடுதல் நேரம், பாடத்தைச் சின்னத் துண்டுகளாகக் கொடுப்பது. சரியாகச் செய்ததை அந்த நிமிடமே சொல்லிப் பாராட்டுவது. மாத்திரையும் இருக்கிறது. இதயம், ரத்த அழுத்தம், எடை எல்லாம் பார்த்துவிட்டுக் குறைந்த அளவில் தொடங்கலாம் என்றார். பத்து வயதுப் பிள்ளைக்கு மூளை மாத்திரையா என்றிருந்தது எனக்கு. யோசித்துச் சொல்கிறோம் என்றேன். அவசரமில்லை, ஆனால் பயத்தினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள் என்றார்.

பிறகு நிறையைத் தனியாக அழைத்துப் பேசினார். எங்களை மறுபடி கூப்பிட்டபோது அவர் முகம் மாறியிருந்தது. என்னைப் பார்த்துத்தான் பேசினார். தண்டவாளத்தில் நடந்த அன்று அப்பா ஏன் அடித்தார் என்று கேட்டதற்கு, “நான் கெட்ட பிள்ளைல்லா, அதான்” என்று சொன்னாளாம்.

 திரும்பும்போது பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கோமதி கேட்டாள்.

“வெயில்னு சொன்னீங்க.”



ஏப்ரல் 24, புதன்

இதை எழுத வேண்டுமா என்று வெகுநேரம் யோசித்தேன்.

மதியம் 1.50. முதல் பாதையில் சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது. அதை உள்ளே எடுத்து நிறுத்தியதே நான்தான். அடுத்து வரும் பாசஞ்சரை இரண்டாம் பாதைக்கு எடுக்க வேண்டும். முதல் பாதைக்குப் பட்டனை அழுத்தினேன். சிக்னல் விழவில்லை, பச்சையாகவில்லை. மறுபடி அழுத்தினேன். சிக்னல் பட்டன்கள் இருக்கும் பேனல் பழுதாகிவிட்டதோ என்று பதறினேன்.

வாசலில் நின்ற சாமிக்கண்ணு மெதுவாகச் சொன்னார்: “சார், ஒண்ணுல கூட்ஸ் நிக்குல்லா.”

பேனலில் அந்தப் பாதை முழுவதும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் கண்ணுக்கு முன்னால். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்குத் தெரியவில்லை. நான்கு நாளாக மனது பஸ்ஸில் கேட்ட அந்த ஒரு வார்த்தையிலேயே இருந்தது.

ஒன்றும் நடந்திருக்காது. ஒரு பாதையில் வண்டி நின்றால், எத்தனை தடவை அழுத்தினாலும் அங்கே இன்னொரு வண்டிக்கு சிக்னல் விழாது. அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். மனிதன் மறப்பான் என்று வைத்துக்கொண்டுதான் ரயில்வேயில் எல்லாமே இருக்கிறது. மணி அடிக்கும், விளக்கு எரியும், அடுத்த ஸ்டேஷன்காரர் சொன்னதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னதை எழுத வேண்டும். என் ஞாபகத்தை மட்டும் நம்பி ஒரு டிராலியைக்கூட இவர்கள் விட்டதில்லை. இத்தனை வருடமும் அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் கோமதிக்கு எந்த மணியும் இல்லை. நான் கத்துவது ஒன்றுதான் இருந்தது.

சாமிக்கண்ணு யாரிடமும் சொல்லவில்லை. டீ வாங்கி வந்து வைத்தார்.

ஏப்ரல் 25, வியாழன்

நிறையிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்பா செய்தது தப்பு, நீ கெட்ட பிள்ளை இல்லை என்றேன். சரிப்பா என்றாள். பிறகு பல்லியின் அறுந்த வால் எத்தனை நிமிடம் துடிக்கும் என்று கேட்டாள்.

மே 2, வியாழன்

காலையில் செய்ய வேண்டியவற்றைப் பதினான்கு வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டு, பெரிய அட்டையில் ஒட்டி ஹாலில் மாட்டினேன். கோமதிக்குத் தனி அட்டை, அதில் பதினாறு. முதல் நாள் இரண்டு பேரும் ஆர்வமாகப் பார்த்தார்கள். இன்று நான்காவது நாள். அட்டை சுவரில் இருக்கிறது, வீடு பழையபடி இருக்கிறது.

டாக்டரிடம் போனில் சொன்னேன். சிரித்துவிட்டார். ஒரு நேரத்தில் ஒன்று போதும், அதுவும் அந்த வேலை நடக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும் என்றார். அட்டையை எடுத்துவிட்டேன். குளியலறைக் கதவில் பிரஷ் படம் ஒன்று. செருப்பு வைக்கும் இடத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு ஓர் ஆணி. இவ்வளவுதான் இப்போதைக்கு.

மே 6, திங்கள்

மலைப் பள்ளியிலிருந்து கடிதம். இருபதாம் தேதி நேர்முகம், பெற்றோர் இருவரும் வர வேண்டும். ஸ்டேஷனுக்கு வந்த தபாலை மேஜையில் வைத்துவிட்டு பிளாட்பாரத்துக்குப் போயிருந்தேன். விடுமுறை என்பதால் நிறை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். நான் திரும்பியபோது கடிதத்தைப் பிரித்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

அழுவாள் என்று நினைத்தேன். படித்து முடித்து மடித்து உறைக்குள் வைத்தாள். அவள் எதையும் எடுத்த இடத்தில் வைத்து நான் பார்த்ததில்லை.

“அந்த ஸ்கூல்ல அம்மாவையும் சேத்துக்கிடுவாங்களாப்பா?”

அம்மாவை எதற்கு என்றேன்.

“நான் போயிட்டா நீங்க அம்மாவ மட்டும்தானே ஏசுவீங்க. இப்ப ரெண்டு பேருக்கும் பாதி பாதியா கொஞ்சந்தான் வருது.”

சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தேன். என்ன குழம்பு என்று இப்போது நினைவில்லை.

மே 7, செவ்வாய்

கோமதியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவளாகப் படிக்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். இரண்டு தடவை படித்தாள்.

“எப்ப முடிவு பண்ணுனீங்க?”

மார்ச் பத்தொன்பது என்றேன். தேதி எனக்கு மறக்காது.

“அன்னைக்கு மீன் கொழம்பு நல்லாருக்குன்னு சொன்னீங்க. நான் எவ்ளோ சந்தோசப்பட்டேன் தெரியுமா. நீங்க மனசு மாறிட்டீங்கன்னு.”

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தண்டவாளத்தில் நடந்த அன்று, மதியம் வேனுக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு ஒரு மணி வரை ஞாபகம் இருந்ததாம். இந்த ஒரு கண்ணாடியை மட்டும் வைத்துத் தைத்துவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்தாளாம். “நெனச்சதுதான் எனக்குத் தெரியும். அப்புறம் நீங்க வந்து நிக்கீங்க. நடுவுல ஒண்ணுமே இல்லங்க. சத்தியமா ஒண்ணுமே இல்ல. அன்னைலேர்ந்து கண்ண மூடுனா எம்பிள்ள தண்டவாளத்துல நடந்து வருது.”

நான் அவள் கேள்வித்தாளைப் பார்த்ததைச் சொன்னேன். பேனலில் முதல் பாதைக்குப் பட்டன் அழுத்தியதையும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவள் முதலில் பார்த்தது என் முகத்தைத்தான். வேலைக்கு ஒன்றும் வராதே என்று கேட்டாள். வராது என்றேன். அதன் பிறகுதான் அழுதாள்.

பள்ளிக்கு, வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். உலகு அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். பெண்டாட்டி பேச்சைக் கேட்டுப் பிள்ளை வாழ்வைக் கெடுக்காதே என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மே 18, சனி

டாக்டர் ஜெசிந்தா கோமதிக்காக, பெரியவர்களைப் பார்க்கும் ஒரு மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தார். இது குடும்பத்தில் வழிவழியாக வருவதுண்டு, பிள்ளையைக் காட்ட வந்த இடத்தில் தாய்க்கோ தகப்பனுக்கோ இருப்பது தெரிய வருவது சகஜம் என்றார். அந்த மருத்துவர் கோமதியின் பள்ளிக் காலத்திலிருந்து கேட்டார். ஒரே நாளில் முடிவு சொல்லவில்லை, இன்னும் ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்.

நான் வெளியே நிறையோடு உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம். அவள் நாற்காலியில் ஏழு விதமாக உட்கார்ந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 1, சனி

கோமதிக்கும் அதுதான்.

வெளியே வந்தவள் மருந்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை என்றாள். “முப்பத்தேழு வயசு வரைக்கும் நான் சோம்பேறின்னுல்லா நெனச்சுக்கிட்டிருந்தேன். அம்மா சொன்னா, வாத்தியார் சொன்னாங்க, நீங்க சொன்னீங்க. அத்தன பேருமா பொய் சொல்லுவாங்கன்னு நானும் நம்பிட்டேன்.”

ஆமாம், நானும் சொன்னேன்.

ஜூன் 12, புதன்

பள்ளி திறந்து மூன்றாம் நாள். நிறைக்கு மாத்திரை தொடங்கியாயிற்று. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. முதல் நாள் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மயங்கிக் கிடப்பாள், பேச்சு குறைந்துவிடும் என்றெல்லாம் பயம். எஞ்சினைப் பற்றி மூன்று கேள்வி கேட்டாள். ஆனால் மூன்றுக்கும் பதிலை முழுதாகக் கேட்டாள்.

ஜூன் 25, செவ்வாய்

மதிய டிபன் அப்படியே திரும்பி வருகிறது. பசி இல்லையாம். மாத்திரையின் விளைவு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். காலையில் மாத்திரைக்கு முன் நெய் தோசை, மாலை ஐந்து மணிக்கு முழுச் சாப்பாடு என்று மாற்றினோம். மாதா மாதம் எடை பார்க்க வேண்டும். அரைக் கிலோ குறைந்திருக்கிறது. கோமதி தினமும் கேட்கிறாள், நிறுத்திவிடலாமா என்று. அடுத்த சந்திப்பு வரை பார்ப்போம் என்று இருக்கிறோம்.

ஜூலை 9, செவ்வாய்

கோமதியும் மாத்திரை எடுக்கிறாள், வேறு வகை, வேலை செய்யச் சில வாரமாகுமாம். அதற்கு முன்பே அவளாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். பாதி தைத்த ரவிக்கைகள் இருபத்திரண்டு ஒரு சாக்கில் கிடந்தன. எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு செண்பகத்திடம் கொடுத்துவிட்டாள். ஒன்றை முடித்துக் காட்டினால்தான் செண்பகம் அடுத்ததை எடுத்துத் தர வேண்டும். வேன் வரும் நேரத்துக்கு செண்பகம் ஜன்னலைத் தட்டுகிறாள். எனக்கு இது தோன்றியிருக்காது.

ஜூலை 22, திங்கள்

கணக்குப் பரீட்சை. அரை மணி கூடுதல் நேரம் கொடுத்தார்கள். ஆறு பக்கமும் எழுதியிருக்கிறாள். மதிப்பெண் அறுபத்தெட்டு. கூட்டல் தப்பு நான்கு. டீச்சர் கடைசிப் பக்கத்தில் ‘முடித்துவிட்டாய்’ என்று எழுதியிருந்தார். கோமதி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அவள் தம்பிக்கு அனுப்பினாள்.

ஆகஸ்ட் 14, புதன்

மோசமான நாள். நிறை புதுக் குடையைத் தொலைத்தாள். கோமதி மின்சாரக் கட்டணம் கட்ட மறந்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். நான் கத்தினேன். நன்றாகவே கத்தினேன், செண்பகம் வீட்டுக்குக் கேட்டிருக்கும். எல்லாம் மாறிவிட்டது என்று நான் எழுதிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை என்பதால் இதையும் எழுதுகிறேன். கை ஓங்கவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

நிறைக்கு அளவைச் சற்று மாற்றினார் டாக்டர். எடை திரும்ப ஏறியிருக்கிறது. குறிப்பு எழுதுவதை இனி நிறுத்திக்கொள்ளலாம் என்றார். எனக்குப் பழகிவிட்டது என்றேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

உலகு அக்கா மகளுக்கு இன்று தென்காசியில் நிச்சயதார்த்தம். மே மாதத்துக்குப் பிறகு அக்கா என்னோடு பேசியது இதற்கு அழைக்கத்தான். பத்தரைக்குத் தட்டு மாற்றுவதற்குள் வந்துவிட வேண்டும், இந்தத் தடவையாவது உன் பெண்டாட்டியைக் கிளப்பிக் கூட்டிவா என்று சொல்லியிருந்தாள். தாய்மாமன் நான் இல்லாமல் முடியாது. கோமதி நாலரைக்கே எழுந்து எல்லோரையும் கிளப்பிவிட்டாள். திருநெல்வேலியில் தென்காசி வண்டியைப் பிடித்தபோது கிளம்ப இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அம்பாசமுத்திரத்தில் எதிர்வண்டிக்காக நிறுத்தினார்கள். கோமதி தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று பாட்டிலோடு இறங்கினாள். எதிர்வண்டி வந்து அடுத்த பிளாட்பாரத்தில் நின்றது. எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில், இடுப்பில் ஒரு கைக்குழந்தை, கையில் ஒரு பிள்ளை, இரண்டு சாக்குப் பைகளோடு ஒரு பெண் அந்த வண்டிக்குப் போக வேண்டும் என்று திணறிக்கொண்டிருந்தாள். கோமதி ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு, பெரிய பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, மேம்பாலத்தில் ஏறிவிட்டாள். பாட்டில் குழாயடியிலேயே நின்றது.

எங்கள் சிக்னல் பச்சையானது. எனக்கு இதெல்லாம் கணக்கு. கார்டு விசில் ஊத ஒரு நிமிடம். கோமதி அப்போது எதிர்வண்டியின் ஜன்னல் வழியாக சாக்கை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்காது. ஓடி வந்தாலும் முடியாது. அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது, தட்டோடு நிற்கும் சபையும். நானும் நிறையும் மட்டும் போய் இறங்கிவிடலாம், கோமதி அடுத்த வண்டியில் வரட்டும். இதற்கு முன் இரண்டு தடவை அப்படிச் செய்திருக்கிறேன். எழுதியதில்லை, அவ்வளவுதான்.

பையை எடுத்தேன். நிறையின் கையைப் பிடித்து இறங்கினேன். அப்பா வண்டி கிளம்பப்போகுது என்றாள். தெரியும் என்றேன். விசில் ஊதியது. வண்டி எங்களைத் தாண்டிப் போனது. கடைசிப் பெட்டி போன பிறகு பார்த்தால், எதிர்ப் பிளாட்பாரத்தில் கோமதி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பாலம் ஏறி இறங்கி ஓடி வந்தாள்.  முகமெல்லாம் வேர்வை. நான் ஏச வேண்டும் என்று காத்திருப்பவளைப் போல் எதிரில் நின்றாள். அடுத்த வண்டி ஒன்றே முக்கால் மணி நேரத்தில், பஸ் ஸ்டாண்டு இங்கிருந்து பக்கம்தான், பஸ்ஸில் போனால் பதினொன்றுக்குள் போய்விடலாம் என்றேன். முதலில் தண்ணீர் குடி என்றேன். நிறை குழாயடிக்கு ஓடிப்போய் பாட்டிலை எடுத்து வந்தாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா போன் வந்தது. ஸ்பீக்கரில் போடாமலே கேட்கும் குரல் அவளுக்கு. எங்கே இருக்கிறீர்கள், அவள்தான் வழக்கம்போல் லேட்டாக்கினாளா என்று கேட்டாள். கோமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

“இல்லக்கா. வண்டிய விட்டது நான்தான். அரை மணி லேட்டாகும். தட்டைக் கொஞ்சம் நிறுத்தி வையி.”

 சரி, பாத்து வாங்க என்று அக்கா வைத்துவிட்டாள்.

எனக்காகப் பொய் சொல்லாதீர்கள் என்றாள் கோமதி.

“பொய் என்ன இருக்கு. சிக்னல் விழுந்தத பாத்துக்கிட்டேதான் எறங்குனேன்.”

நிறை ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே வரும் லாரிகளை எண்ணத் தொடங்கி, பதினேழோடு விட்டுவிட்டாள்.